டேங்குக்குள் விட்ட ஆக்சிஜன்

போன மாதம் ஒரகடத்தில் ஒரு பயிற்சி மையத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். முப்பத்தைந்து வருடம் வெல்டிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று அறிமுகம் செய்து ஒரு சால்வையும் போர்த்தினார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, "சார், கேஸ் வெல்டிங் நல்லதா, ஆர்க் வெல்டிங் நல்லதா?" என்று கேட்டாள். நானும் பரீட்சைக்கு எழுதுவதுபோல் போர்டில் நடுவே ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் கேஸ், அந்தப் பக்கம் ஆர்க் என்று பிரித்து எழுதி ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டேன். எல்லாரும் கை தட்டினார்கள். பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வந்தது. போர்டில் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. அதை இப்போது எழுதிவிடுகிறேன்.

1991 என்றால் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் எல்லாருக்கும் ஒரே நினைவுதான் வரும். அந்த மே மாதத்துக்கு அப்புறம் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னாலே வெளியூர்க்காரர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். எனக்கு அந்த வருடம் என்பது அதற்கு இரண்டு மாதம் கழித்து, பென்னலூரில் ஒரு தகர ஷெட்டுக்குள், ஒரு மத்தியான வேளையில் நடந்தது.

எனக்குச் சொந்த ஊர் மணிமங்கலம். நிலத்தை அண்ணன்கள் பார்த்துக்கொண்டார்கள். நான் பஸ்ஸுக்கு பாடி கட்டும் ஷெட் ஒன்றில் மூன்று வருடம் எடுபிடியாக இருந்து கேஸ் வெல்டிங் கற்றுக்கொண்டேன். அந்த மூன்று வருடத்தில் கிடைத்தது டீயும் வசவும்தான், அதைச் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். பிறகு பென்னலூரில் டேங்க் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். மொத்தம் இருபது பேர். முதலாளி மாதத்துக்கு நாலு நாள் வருவார். மற்றபடி எங்களுக்குக் கம்பெனி என்றால் ஃபோர்மேன் ராகவன் சார்தான்.

ராகவன் சார் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நேற்றுச் சேர்ந்தவனைக்கூட "வாங்க, போங்க" என்பார். காலையில் வந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு ஷெட்டைச் சுற்றி வருவார். முந்தின நாள் போட்ட வெல்டிங்கைச் சின்னச் சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். பிடிக்கவில்லை என்றால் அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் அடுத்ததற்குப் போய்விடுவார். திட்டினால்கூடத் திருப்பி முணுமுணுக்கலாம், சாக்பீஸ் வட்டத்திடம் என்ன முணுமுணுப்பது? அவர் கையெழுத்தும் அப்படித்தான், அச்சடித்த மாதிரி இருக்கும். பின்னால் நான் கையெழுத்துப் போட்ட காகிதத்திலும் அந்த எழுத்துதான் இருந்தது.

அங்கே ஆர்க் வெல்டர் சூசை அண்ணன். பென்னலூர்க்காரர், என்னைவிட நாலு வயது மூத்தவர். மாதா கோயில் திருவிழாவில் கொடிமரம் நடுவதற்கு முதல் ஆளாகத் தோள் கொடுப்பார், ஆள் அவ்வளவு வாட்டசாட்டம். நான் கேஸ், அவர் ஆர்க். எங்கள் இருவருக்கும் இந்தச் சண்டை தினமும் உண்டு.

"இன்னாடா, இன்னும் அடுப்பு பத்த வெச்சிக்கினே கீறியா?" என்பார். கேஸில் தீயைச் சரிசெய்ய நேரம் ஆகும். முதலில் அசெட்டிலீனைத் திறந்து பற்ற வைத்தால் புகையும் கரியுமாக மஞ்சள் தீ வரும். அப்புறம் ஆக்சிஜனைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். தீ சுருங்கி, நீலமாகி, நுனியில் வெள்ளையாக ஒரு கூம்பு நிற்கும். அதுதான் பதம். ஆக்சிஜன் கூடினால் தீ சீறும், இரும்பு பொரிந்து எரிந்துபோகும். குறைந்தால் கரி ஏறும். ஒரு கையில் தீ வரும் டார்ச், ஒரு கையில் கம்பி. தகடு உருகி வருவதைக் கண்ணால் பார்த்து, சூடு அதிகமானால் கையைப் பின்னுக்கு இழுக்கலாம்.

"அடுப்புன்னாலும் என் வேலை எனக்குக் கண்ணுக்குத் தெரியுதுண்ணே. நீ குருடன் மாதிரி கண்ணாடிய மாட்டிக்கினு தடவிக்கினு கீற" என்று நானும் விடமாட்டேன். ஆர்க்கில் கம்பியைத் தகட்டில் ஒரு தட்டுத் தட்டினால் போதும், கரண்ட் பாய்ந்து கம்பியே உருகி இறங்கும். நான் அரை நாள் போடுவதை அவர் ஒரு மணி நேரத்தில் போட்டுவிட்டு, மேலே படியும் கசடைத் தட்டி உதிர்த்துவிட்டு, பல்லிடுக்கில் ஒரு கிராம்பைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கனமான தகட்டுக்கு ஆர்க்தான், அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். மெல்லிய தகட்டில் ஆர்க் வைத்தால் ஓட்டை விழும், அங்கே நான்தான் ராஜா. இதைத்தான் போன மாதம் போர்டில் எழுதினேன்.

அந்தக் கிராம்புக்கு ஒரு காரணம் உண்டு. சூசை அண்ணன் முன்பு ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி குடித்தவர். அவருடைய ஒரே பெண் ஜெயாவுக்குக் கைக்குழந்தையிலிருந்தே மூச்சிரைப்பு. பீடிப் புகை பட்டால் குழந்தை நீலம் பாய்ந்துவிடும். ஒரு தடவை பிழைத்ததே பெரிய காரியமாகி, அன்றைக்குக் குழந்தையின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்து பீடியை விட்டார். அப்புறம் தொட்டதே இல்லை. நாங்கள் வேண்டுமென்றே முகத்துக்கு நேராகப் புகை விட்டுச் சீண்டிப் பார்ப்போம். "தூரப் போங்கடா, சோம்பேறிங்களா" என்று எழுந்து போய்விடுவார்.

ராகவன் சார் ஒரு சட்டம் வைத்திருந்தார். மூடின டேங்குக்குள் கேஸ் டார்ச் போகக் கூடாது. உள்ளே அசெட்டிலீன் கசிந்தால் டேங்கே குண்டுதான். கேஸ் தீ உள்ளே இருக்கும் காற்றையும் தின்றுவிடும். அதனால் டேங்குக்குள் ஆர்க் மட்டும்தான். "சிவப்பு ஹோஸ் மேன்ஹோலைத் தாண்டி உள்ளே போகக் கூடாதுங்க" என்று ஆளாளுக்குச் சொல்லியிருந்தார். சிவப்பு ஹோஸில் அசெட்டிலீன் வரும், கறுப்பில் ஆக்சிஜன். கறுப்பு ஹோஸைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆக்சிஜன் பக்கம் எண்ணெய்க் கை கூடாது என்பது எங்களுக்குத் தெரியும், அவ்வளவுதான். மற்றபடி ஆக்சிஜன் என்றால் நல்ல காற்று, ஆஸ்பத்திரியில் சாகக் கிடப்பவனுக்குக் கொடுக்கும் காற்று. வேலை முடிந்து சட்டையில் இருக்கும் தூசியை ஆக்சிஜன் விட்டுத்தான் ஊதிக்கொள்வோம். வியர்த்தால் பனியனுக்குள் விட்டுக்கொள்வோம். ராகவன் சாரின் நாற்காலியைத் துடைப்பதுகூட அப்படித்தான். அவர் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அன்றைக்கு ஒரு கெமிக்கல் கம்பெனிக்குப் போகவேண்டிய டேங்க், புதுத் தகடு. ஆள் குனிந்து நிற்கும் உயரம், பத்தடி நீளம், ஒரு பக்கம் மட்டும் ஆள் நுழைய மேன்ஹோல். உள்பக்க ஜாயின்ட் போட சூசை அண்ணன் இறங்கியிருந்தார். நான் வெளியே மேன்ஹோல் மூடிக்கு வளையம் வெட்டிக்கொண்டிருந்தேன். வழக்கமாக மேன்ஹோலில் ஒரு ஃபேன் வைப்போம். முந்தின நாள் அதன் காயில் எரிந்து ரிப்பேருக்குப் போயிருந்தது. காற்று அடிக்கும் கம்ப்ரஸரை பெயின்ட் அடிப்பவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மேலே தகரக் கூரை. உள்ளே கம்பிப் புகை. கொஞ்ச நேரத்தில் இருமல் சத்தம் கேட்டது.

"டேய் முனுசாமி, மூச்சு முட்டுதுடா. கொஞ்சம் காத்து வுடுடா."

"வெளிய வாண்ணே. ஃபேன் வந்தப்புறம் போட்டுக்கலாம்."

"இன்னும் நாலு ராடு தான். முடிச்சிட்டு வந்துடறேன். எதனா வுடு."

என் பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. டார்ச்சைக் கழற்றி வைத்தேன். சிவப்பு ஹோஸை நன்றாகத் தள்ளி, தூண் பக்கம் சுருட்டிப் போட்டேன். சட்டத்தை மதித்துவிட்டேன் என்ற நினைப்பு எனக்கு. கறுப்பு ஹோஸின் முனையை மட்டும் மேன்ஹோல் வழியாக உள்ளே விட்டு வால்வைத் திறந்தேன்.

"எப்டிண்ணே கீது?"

"ஆகா, ஊட்டி மாதிரி கீதுடா. இரு, சட்டைக்குள்ளயும் வுட்டுக்கறேன்."

அதுதான் அவர் என்னிடம் நல்ல குரலில் பேசிய கடைசிப் பேச்சு. ஐந்து நிமிடம் இருக்கும், பத்துகூட இருக்கலாம். புகை அடங்குவதற்காகக் காத்திருந்தாரோ என்னவோ, அடுத்த கம்பியை மாட்டி ஒரு தட்டுத் தட்டினார். மேன்ஹோலில் வெள்ளை வெளிச்சம் வந்தது. ஆர்க் வெளிச்சம் என்றுதான் முதலில் நினைத்தேன். அலறல் கேட்டு எட்டிப் பார்த்தால் ஆள் முழுதாக எரிகிறார். சாதாரணமாகத் துணி எரிவதுபோல் இல்லை. சட்டை, கையுறை, தலைமுடி எல்லாம் ஒரே நேரத்தில், என் டார்ச் தீயைப் போல் சீறிக்கொண்டு எரிந்தது.

நான் ஓடிப்போய் ஒரு வாளித் தண்ணீரை எடுத்து ஊற்றினேன். அணையவில்லை. இன்னொரு வாளி ஊற்றினேன். அதுவும் வேலைக்கு ஆகவில்லை. மேன்ஹோலுக்குள் கையை விட்டு அவர் கையைப் பிடித்து இழுத்தேன். இவ்வளவும் செய்தேனே தவிர, என் முதுகுக்குப் பின்னால் சிலிண்டர் வால்வு திறந்தே இருக்கிறது என்பது என் புத்தியில் உறைக்கவில்லை. நான் தண்ணீர் ஊற்ற ஊற்ற, நான் விட்ட ஆக்சிஜன் அவரை எரித்துக்கொண்டே இருந்தது. அலறல் கேட்டு ஓடிவந்த ராகவன் சார் என்னைப் பார்க்கவில்லை, டேங்கைப் பார்க்கவில்லை, நேராக சிலிண்டரிடம் போய் வால்வை மூடினார். அடுத்த வாளியில் தீ அடங்கியது.

சூசை அண்ணனை வேனில் ஏற்றி சென்னைக்கு அனுப்பினார்கள். என் இரண்டு கையும் கொப்புளம். ராகவன் சார் கறுப்பு ஹோஸை மேன்ஹோலிலிருந்து உருவி, சுருட்டி, டார்ச்சோடு மறுபடி மாட்டி, சிலிண்டரைத் தானே உருட்டிக்கொண்டு போய் ஷெட்டின் மறுகோடியில் நிறுத்தினார். பிறகு என்னிடம் வந்து தணிந்த குரலில் சொன்னார்.

"ஆக்சிஜன் எரியாதுங்க. எரியறத நிறுத்தவே விடாது. துணி, முடி எல்லாத்துலயும் ஏறி உக்காந்துக்கும். ஒரு பொறி போதும்."

"எனக்குத் தெரியாது சார். சத்தியமா தெரியாது."

"தெரியும். உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

சூசை அண்ணன் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் உயிரோடு இருந்தார். கட்டுக்கு நடுவே வாய் மட்டும் தெரிந்தது. இரண்டாம் நாள் நான் போனபோது அவர் மனைவி மேரி அண்ணி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். என் குரலைக் கேட்டதும் சூசை அண்ணன், "இன்னாடா ஆச்சி?" என்று கேட்டார். பன்னிரண்டு வருடம் ஆர்க் போட்ட மனிதருக்கு, தான் எதனால் எரிந்தோம் என்று தெரியவில்லை. எனக்குத் தெரியும். "தெரியலண்ணே" என்றேன். அன்று சாயந்திரம் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வருவதாக இருந்தது. காலையில் ராகவன் சார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். அவருடைய அச்சு எழுத்து. டேங்கின் உள்ளே, தடையை மீறி, சூசை பீடி பற்ற வைத்தார் என்றும், எரிந்த தீக்குச்சி உடையில் விழுந்ததை நான் வெளியிலிருந்து பார்த்தேன் என்றும் எழுதியிருந்தது.

"சார், அவுரு பீடிய வுட்டு மூணு வருசமாச்சு."

"தெரியுங்க."

"அப்புறம் எப்டி சார்?"

"நீங்க வால்வைத் தொறந்தீங்கன்னு எழுதினா நீங்க ஜெயிலுக்குப் போவீங்க. நான் சொல்லிக்குடுக்கலன்னு எழுதினா நானும் போவேன், கம்பெனிய மூடுவாங்க, இருபது குடும்பம். இப்படி எழுதினா யாருக்கு என்ன நஷ்டம், சொல்லுங்க? போனவரு வந்து இல்லன்னு சொல்லப் போறதில்ல." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் கெட்டவர் என்று சொல்ல இன்றைக்கும் எனக்கு வாய் வரவில்லை. என்னைக் காப்பாற்றினாரா, தன்னைக் காப்பாற்றிக்கொண்டாரா என்று அவருக்கே தெரிந்திருக்காது. எனக்கு இருபத்தொன்பது வயது, கல்யாணமாகி நாலு மாதம். கொப்புளம் ஆறாத கையோடு பேனாவைப் பிடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

மத்தியானம் இன்ஸ்பெக்டர் மேரி அண்ணியையும் வரச் சொல்லி, அந்தக் காகிதத்தை அவரிடம் வாசித்துக் காட்டினார். இடுப்பில் ஜெயா இருந்தாள். அண்ணி கடைசி வரை கேட்டுவிட்டு, இன்ஸ்பெக்டரை விட்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீ சொல்லு. அவுரு குடிச்சாரா?"

ராகவன் சார் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அண்ணி அழவில்லை. குழந்தையின் தலையில் ஒரு முறை கையை வைத்துப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார். தன் தப்பால் செத்தவன் என்று ஆனபிறகு கம்பெனி எந்தப் பொறுப்பும் ஏற்கவில்லை. அண்ணி ஒரு ஸ்கூலில் ஆயா வேலைக்குப் போய் ஜெயாவை வளர்த்தார்.

அதற்கப்புறம் நான் கேஸைத் தொடவில்லை. ஆர்க்குக்கு மாறினேன். ஒரகடம் பக்கம் பெரிய கம்பெனிகள் வந்ததும் அங்கே போய், லைனில் ஷிப்ட் பார்த்து, கடைசியில் ரோபோ போடும் வெல்டிங்கைச் சரிபார்க்கும் வேலையில் ஓய்வு பெற்றேன். யாராவது ஆக்சிஜன் விட்டுச் சட்டையை ஊதினால் ஓடிப்போய் அறைந்துவிடுவேன். ஒரு தடவை அதற்காக மெமோகூட வாங்கியிருக்கிறேன். காரணம் கேட்டால் சொன்னதில்லை. ராகவன் சாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். உண்மை தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்றானபிறகுகூட வாயைத் திறக்கவில்லை. பயம்தான், வேறென்ன. ஜெயிலுக்குப் பயப்பட்ட காலம் போய், அண்ணியின் முகத்துக்குப் பயப்பட ஆரம்பித்திருந்தேன்.

பயிற்சி மையத்திலிருந்து வந்த மறுநாள் பென்னலூருக்குப் போனேன். அண்ணிக்கு இப்போது அறுபத்தைந்து இருக்கும், ஜெயாவோடு இருக்கிறார். என்னைப் பார்த்ததும், "வா தம்பி, வூட்ல எல்லாம் நல்லா கீறாங்களா?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஃபேன் எரிந்தது, கறுப்பு ஹோஸ், இரண்டு வாளித் தண்ணீர், கையெழுத்து, தலையை ஆட்டியது.

எனக்குப் போட்ட நாற்காலியில் அண்ணியே உட்கார்ந்துகொண்டார்.

"அப்ப அவுரு குடிக்கல."

"குடிக்கல அண்ணி."

"கல்லறைத் திருநாளுக்கு ஊரே மெழுகுவத்தி ஏத்தும். நான் ஒரு வருசம்கூடப் போனதில்ல. புள்ள தலையில அடிச்ச சத்தியத்த மீறிட்டு, எங்கள நடுத்தெருவுல வுட்டுட்டுப் போனவருக்கு இன்னா மெழுகுவத்தின்னு இருந்துட்டேன். இந்தப் புள்ளைக்கும் அதையே சொல்லித்தான் வளத்தேன்." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "நீ வால்வத் தொறந்தது தெரியாம. அத்த நான் கேக்கல. தலைய ஆட்டுனியே, அது தெரிஞ்சிதானே?" என்றார்.

எனக்கு அழுகைதான் வந்தது. அழக்கூட எனக்கு உரிமையில்லை என்று அடக்கிக்கொண்டேன்.

"அழுவாத. ஜெயா ஷிப்ட் முடிஞ்சி வருவா. அவகிட்டயும் நீயே சொல்லு. இத்தினி வருசம் நான் சொன்னத நானே எப்டி மாத்திச் சொல்றது?"

இரண்டு மணி நேரம் அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அண்ணி ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஐந்தரைக்கு கம்பெனி பஸ் வந்து நின்றது. கழுத்தில் அடையாள அட்டையோடு ஜெயா உள்ளே வந்து, "மாமா, எப்ப வந்தீங்க?" என்று சிரித்தாள். அண்ணி என்னைப் பார்த்தார். நான் மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

ஜெயா பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் கேட்டாள். நான் முடித்ததும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"என் கல்யாணத்தப்போ, அப்பா இல்லன்னு, கோயிலுக்குள்ள என் கையப் புடிச்சி அழைச்சிக்கினு போனது நீங்கதானே மாமா?"

"ஆமாம்மா."

"வாசல்லர்ந்து பீடம் வரைக்கும், இந்த நேரத்துல கூட இல்லாத மாதிரி பண்ணிட்டியேன்னு எங்கப்பாவ மனசுக்குள்ள திட்டிக்கினே நடந்தேன். நீங்க என் கையப் புடிச்சிக்கினு பக்கத்துல வந்தீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.